மீன் தண்ணீர் ஊற்றாத ரோஜாக்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு நாளும் மீன் சமைத்ததில்லை. என் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. முட்டை வாசனை வருகிறதென்று பேக்கரி கேக்கையே தள்ளி வைக்கிற குடும்பம் எங்களுடையது. இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், மைசூரில் நாங்கள் குடியிருந்த தெருவில், மீன் கழுவின தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறவள் என்று இரண்டு வாரம் எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரை வேறு யாரும் எனக்குக் கட்டிவிடவில்லை. என் வாயால் நானே கட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து மைசூருக்கு வந்தோம். தொழிற்சாலைக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு புது எக்ஸ்டென்ஷனில் கீழ்வீடு வாடகைக்குக் கிடைத்தது. மாடியில் வீட்டுக்கார அம்மா. ஓனரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேசியது முழுக்கக் கன்னடம், ஆனால் நான் அதைப் பெரும்பாலும் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். வீடு பார்க்கப் போனபோது அவர் சம்பளம் கேட்கவில்லை, எத்தனை பேர் என்று கேட்கவில்லை. "ஊட்டக்கு ஏனு?" என்று ஒரே கேள்வி. சாப்பாட்டுக்கு என்ன என்று அர்த்தம். "சுத்த சைவம்மா" என்றேன். நம்பினார். நம்பிவிட்டு, நாங்கள் சாமான் இறக்கிய அன்று கீழே வந்து, பாத்திர மூட்டையை அவிழ்த்து, என் இரும்புச் சட்டியை எடுத்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. உடைந்த ஓடும் பார்த்தீனியமும் நிறைந்து கிடந்தது. "சும்மா கிடக்கிறது, ஏதாவது வை" என்று ஓனரம்மா சொன்னதுதான் தாமதம், நான் மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரிய சண்டைகள் எல்லாம் நடந்தன. என் கணவர் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். அங்கே கணக்குக்கு அரை நூல் கூடினாலும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் தள்ளிவிடுகிற வேலை. அந்தப் பழக்கத்தை வீட்டு வாசலில் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டு வந்து செடிகளை அளந்தார்.

"ஏய், இந்த மூணாவது செடி லைனை விட்டு ஒரு இஞ்ச் வெளிய நிக்குது பாரு."

"செடிங்க அது. ஷாஃப்ட் இல்ல."

"ஒரு இஞ்ச் ஒரு இஞ்ச்தான்."

ரோஜாவுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். எங்கள் நிலத்தில் மேற்கே வீட்டு நிழல், தெற்கே பக்கத்து வீட்டு மாமரத்து நிழல். கிழக்கே தெருவோரக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய பட்டையில் மட்டும்தான் வெயில் ஒழுங்காக விழுந்தது. ஆகவே ரோஜா ஏழும் சுவரோரம். அதற்கு இந்தப் பக்கம் ஜெர்பெராவும் செவ்வந்தியும். மூலைகளில் கல்வாழை. குழாயடி நிழலில் நந்தியாவட்டை. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்பது நான் ஒரு பத்திரிகையில் படித்த சட்டம். அதைச் சொன்னதும் அவர், "முன்னால்னா எந்தப் பக்கம்? நம்ம வாசல்ல நிக்கறவனுக்கா, ரோட்ல நிக்கறவனுக்கா?" என்றார். நியாயமான கேள்வி என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மூன்று நாள் பேசவில்லை. கனகாம்பரத்தைக் குழாயடியில் வைத்ததும் அந்தக் கோபத்தில்தான். அது அங்கே வளரவே இல்லை. அடுத்த வருஷம் பிடுங்கி, வெயில் படுகிற மூலைக்கு மாற்றினேன்.

அவரும் ஒரு செடியை வளர்த்தார், அதையும் சொல்ல வேண்டும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே இருந்து காட்டுக் கொம்பு ஒன்று கிளம்பும். பார்த்தவுடன் கிள்ளி எறிய வேண்டும். விட்டால் மேலே இருக்கிற நல்ல செடியைப் பட்டினி போட்டுவிட்டு அது மட்டும் கொழுக்கும். இவருக்கு அது தெரியாது. நேராக, வேகமாக, அளவு பிசகாமல் வளர்கிறதே என்று அந்தக் காட்டுக் கொம்புக்குக் குச்சி நட்டு, நூல் கட்டி, வாரம் ஒரு முறை அளந்து சுவரில் பென்சிலால் குறித்து வைத்தார். நான் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒட்டுச் செடி செத்துவிட்டது. காட்டுக் கொம்பு ஆறடி. "பாத்தியா, இதான் குவாலிட்டி" என்றார். அதில் கடைசிவரை ஒரு பூவும் பூக்கவில்லை. அதையும் சுவரோரத்திலேயே விட்டு வைத்தேன், அவர் பார்த்துப் பார்த்து வெட்கப்படட்டும் என்று. அவர் வெட்கப்படவில்லை.

இனி குடை சார்.

மைசூரில் விடியற்காலையில் தெருவில் நடந்து பாருங்கள். பிளாஸ்டிக் கவரும் கையுமாகப் பெரியவர்கள் வருவார்கள். பூஜைக்குப் பூ. அதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. சுவருக்கு வெளியே நீட்டிய பூ தெருவுடையது. சுவருக்கு உள்ளே இருக்கிற பூ, கை எட்டினால் தெருவுடையது. எங்கள் தெருவில் கை எட்டாத தூரமே இல்லாத ஒருவர் இருந்தார். பேங்கில் வேலை பார்த்து ரிடையரானவர். மழையோ வெயிலோ, ஸ்வெட்டரும் மடக்காத நீளக் குடையும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைந்த கைப்பிடியைச் சுவருக்கு மேலாக நீட்டி, கொம்பை மாட்டி இழுத்து, பூவை ஒடித்து, கொம்பை மெதுவாகத் திருப்பி விடுவார். மெட்ராஸில் நாலு வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் பேசுவார்.

முதல் முறை நான் பார்த்தபோது வாசலில் நின்று பலமாக இருமினேன்.

"குட் மார்னிங்கம்மா" என்றார். "உங்க ரோஸ் தும்ப சென்னாகிதே."

ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் குளிராது? நான் அரை நிமிஷம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிஷத்தில் இன்னொன்றை ஒடித்துவிட்டார்.

இப்படியே இரண்டு வருஷம். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கல்வாழையைச் சுவரோரம் மறைப்பாக வைத்தேன். குடை அதை ஒதுக்கியது. 'பூ பறிக்காதீர்கள்' என்று கன்னடத்தில் அட்டை எழுதி மாட்டினேன். எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் பூவைப் பறித்துக்கொண்டு போனார்.

மூன்றாவது வருஷம் என் கணவர் தொழிற்சாலை கேன்டீனில் கொடுத்தார்கள் என்று ஒரு படிவம் கொண்டுவந்தார். தசராவுக்கு முன்னால் நடக்கிற வீட்டுத் தோட்டப் போட்டி. மூன்று பேர் வீடு வீடாக வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ரோஜாவும் வருஷக்கணக்கில் நிற்கிற பூச்செடிகளும் என்று தனிப் பிரிவு இருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: ரோஜா செடியிலேயே பூத்திருக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கப் வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் தெருக்கோடி வீட்டில் முந்தின வருஷம் வாங்கிய கப்பை ஜன்னலோரம் வைத்து, அதில் ஸ்கூட்டர் சாவி போட்டு வைத்திருப்பார்கள். ஸ்கூட்டர் சாவி! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொன்னால் கப் மட்டும் இல்லை. மைசூர் வந்து மூன்று வருஷமாகியும் அந்தத் தெருவுக்கு நான் 'கீழ்வீட்டுத் தமிழ்க்காரம்மா', அவ்வளவுதான். என் கையால் செய்த ஒன்றை யாராவது நின்று, நிதானமாகப் பார்த்து, இது இப்படி இருக்கிறது, அது அப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறவரோ டேப் வைத்துத்தான் பார்ப்பார்.

ரோஜாவைக் கவாத்து செய்து நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கும். நடுவர்கள் வருவது ஒரு வெள்ளிக்கிழமை என்று தேதி தெரிந்ததும் பின்னோக்கி எண்ணி, ஆகஸ்டு முதல் வாரத்தில் வெட்டினேன். ஒவ்வொரு கொம்பிலும் வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டுக் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டுவாயில் மஞ்சள் பூசினேன். வேரைக் கிளறி, மட்கிய சாணம் போட்டேன். தளிர் சிவப்பாக வந்தது. மொட்டு வந்தது. எண்ணினேன், பத்தொன்பது. எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையை ஒட்டி விரியப் போகிறவை.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது குடையின் கைப்பிடி சுவருக்கு மேலே எழும்பியது. ஒயின் நிறச் செடியின் கொம்பை மாட்டிவிட்டது. அதில் நாலு மொட்டு. இரண்டு நாள் முன்புதான் என் கணவர், அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி ரோஜாவுக்கு மீன் கழுவின தண்ணீர் ஊற்றுவதாகவும், பூ கையகலம் வருவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கிருந்தோ என் நாக்குக்கு வந்துவிட்டது.

"சார், பறிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். இந்தச் செடிக்கெல்லாம் மீன் தண்ணி ஊத்தறோம்."

குடை அப்படியே நின்றது. "ஏனு தண்ணி?"

"மீன் கழுவின தண்ணி சார். எங்க வீட்டுக்காரர் மண்டி மொஹல்லா மீன் கடையிலேருந்து கேன்ல கொண்டு வராரு. இப்பத்தான் ஊத்தினேன். இலையெல்லாம் தெறிச்சிருக்கு பாருங்க."

இலையில் இருந்தது பனி.

"சிவ சிவா!" என்று கொம்பை விட்டார். அது விர்ரென்று திரும்பிப் போனதில் அந்தப் பனி நாலு சொட்டு அவர் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி, கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் இரண்டாம் தடவை தலைக்குக் குளித்ததாகப் பால் பூத்தில் கேள்விப்பட்டேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. நாலு நாளில் எங்கள் சுவரோரம் ஒரு கவரும் வரவில்லை. சாமிக்கு ஆகாத பூவை யார் தொடுவார்கள்? மாடியில் இருக்கிற ஓனரம்மா காதுக்கு மட்டும் அந்தப் பேச்சு ஏறவில்லை. என் கணவர்தான் கத்தினார்.

"என்னை ஏன்டி இழுத்த? கம்பெனி பஸ்ல என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டேங்கறான். கேன் எங்கன்னு கேக்கறான்."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே."

"நான் பஸ்ல போறவன். கேனைத் தூக்கிட்டு மண்டி மொஹல்லாவுக்கு எப்பப் போவேன்? பொய் சொன்னாலும் கணக்கு சரியா இருக்க வேணாமா?"

வியாழக்கிழமை வரை எல்லாம் சரியாகத்தான் போனது. வியாழன் மத்தியானம் எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர். தினமும் மீன் சமைப்பார், ஆனால் இந்தத் தெருவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பார். கையில் தட்டு போட்டு மூடிய ஒரு பக்கெட். முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லவே இல்லையே நீங்க! நமக்குள்ள என்ன கூச்சம்? இனிமே மண்டி மொஹல்லா எல்லாம் பேடா, வேண்டாம். நம்ம வீட்டுலயே தினம் இருக்குது. இன்னிக்கு மத்தி."

தட்டைத் தூக்கிக் காட்டினார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். பொய் என்று சொன்னால் அது சாயங்காலத்துக்குள் குடை சாரிடம் போய்விடும். விடிந்தால் வெள்ளிக்கிழமை. பத்தொன்பது பூவும் அப்போதுதான் பாதி விரிந்து நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்" என்று வாங்கி, குழாயடியில் நந்தியாவட்டைக்குப் பின்னால் வைத்து, தட்டின் மேல் ஒரு கல்லையும் வைத்தேன். ஓனரம்மா மத்தியானம் தூங்குவார். அவர் எழுவதற்குள் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். இந்த வாசனையைத் தாங்க ஒரு காபி குடித்துவிட்டு வரலாமே என்று உள்ளே போனேன். அந்தக் காபிதான் என்னைக் கெடுத்தது.

திரும்பி வந்தபோது ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. நான் விரட்டிய பக்கத்தில் இரண்டு இருந்தன. சுவர் மேல் ஒன்று. எங்கள் எக்ஸ்டென்ஷனில் இத்தனை பூனை இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. கல் விழுந்தது, தட்டு விழுந்தது, பக்கெட் சாய்ந்தது. தண்ணீர் வாசற்படி வரை ஓடியது. மாடியில் ஜன்னல் திறந்தது.

ஓனரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். நான் நடுவில், பூனைகள் சுற்றிலும், காலடியில் மத்தி வால் ஒன்று.

"வீடு கொடுக்கும்போது உன்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றார். அதற்கு மேல் அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. "இந்த மாசக் கடைசியில் காலி பண்ணு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதை, குடையை, கப்பை. பாதியில் எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தார், என்னைக் காப்பாற்ற. "பக்கெட் என்னுதம்மா, இவங்க மேல தப்பில்ல" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு வாரமா இவங்க வீட்டுக்காரர் பாவம் மண்டி மொஹல்லாவுலேருந்து சுமக்கறாரேன்னுதான் கொடுத்தேன்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு வீடு கிடைக்கும். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம். நிலத்தில் வேர் பிடித்த ரோஜாவை எப்படித் தூக்குவது? பிடுங்கினால் செத்துப்போகும், விட்டுப் போனால் நான் செத்துப்போவேன். அப்படித்தான் அன்று எனக்கு இருந்தது. அதையும் ஓனரம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன், தமிழிலா கன்னடத்திலா என்று எனக்கே தெரியாது.

அவர் கொஞ்ச நேரம் ரோஜாக்களைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு என் வீட்டில் பூஜை. இந்தச் செடியில் இருக்கிற ரோஜா அத்தனையையும் உன் கையால் பறி. முதலில் உன் சாமிக்குக் காட்டு. அப்புறம் மேலே எடுத்துக்கொண்டு வா, என் தேவருக்கு வைக்கிறேன். மீன் தண்ணி குடிச்ச பூவைச் சாமி தலையில் வைக்க யாருக்கும் கை வராது. உனக்குக் கை வந்தால் நீ சொன்னது நிஜம்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஜட்ஜ் வராங்கம்மா. பதினொண்ணுக்குப் பறிச்சுக் கொண்டு வரேனே?"

"பூஜை எட்டு மணிக்கு" என்றார். படி ஏறும்போது திரும்பி, "குடைக்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடு. என் வீட்டுல மீன் வேகுதுன்னு பால் பூத் முழுக்கப் பேச்சா இருந்திருக்கும், எனக்குத்தான் யாரும் சொல்லல" என்றார்.

சாயங்காலம் குடை சார் வீட்டு வாசலில் போய் நின்றேன். சொன்னேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"மீன் இல்லவே இல்லையா? ஹௌதா? ரெண்டு வாரம் அரளி வெச்சே சமாளிச்சேனம்மா. அப்ப நாளைலேருந்து பர்லாமா?"

வரலாமா என்று கேட்கிறார். நாளை பறிக்க என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பில், "வாங்க சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, தட்டும் கத்தரிக்கோலுமாக இறங்கினேன். பத்தொன்பதும் விரிந்திருந்தன. அப்படி ஒரு பூப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மஞ்சள், ஒயின், வெளிர் சிவப்பு. ஒவ்வொன்றாக வெட்டினேன். என் கணவர் வாசலில் நின்றார். டேப் எடுக்கவில்லை. பதினெட்டு வெட்டினேன். கடைசிச் செடியில், கல்வாழை இலைக்குப் பின்னால், தெருப்பக்கமாகத் திரும்பி ஒரு ஆரஞ்சு ரோஜா. வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது. கத்தரிக்கோல் அதன் கிட்டே போனது, நின்றது. ஒரே ஒரு பூ. நிபந்தனைக்கு ஒன்று போதும். இலையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

என் சாமிக்குக் காட்டினேன். கை வந்தது. மேலே கொண்டுபோனேன்.

"எல்லாமா?" என்றார் ஓனரம்மா.

"எல்லாம்."

பதினெட்டு ரோஜாவையும் அவர் வரிசையாக வைத்தார். ஆரத்தி எடுத்தார். நான் கைகூப்பி நின்றேன். பூஜையறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. ஆரத்தி பாதியில் இருக்கும்போது, கீழே காம்பவுண்டுச் சுவருக்கு மேலே வளைந்த கைப்பிடி ஒன்று எழும்பியது.

வலது பக்கம் போனது. ஒன்றுமில்லை. இடது பக்கம் வந்தது. ஒன்றுமில்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு கல்வாழை இலையை நாசூக்காக ஒதுக்கியது.

நான் கத்தியிருக்க வேண்டும். எப்படிக் கத்துவேன்? எல்லாம் என்று சொல்லிவிட்டுச் சாமி முன்னால் நிற்கிறேன். ஆரத்தித் தட்டு என் பக்கம் வருகிறது. நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, என் ஆரஞ்சு ரோஜா ஒடிந்து பிளாஸ்டிக் கவருக்குள் இறங்குவதைப் பார்த்தேன்.

தீர்த்தம் வாங்கினேன், பிரசாதம் வாங்கினேன். மாடிப்படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக ஓடினேன். தெருவில் அவர் நாலு வீடு தள்ளிப் போயிருந்தார். "சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் பால் பூத் வரை திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பி வந்தார். அதே நேரம் கேட் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நடுவர்கள். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார்கள்.

மூன்று பேரும் உள்ளே வந்து செடிகளைச் சுற்றினார்கள். ஒருவர் கையில் அட்டையும் காகிதமும்.

"ரோஸ் எல்லிம்மா?" என்றார்.

ரோஜா எங்கே? மேலே கை காட்டினேன். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

அப்போது குடை சார் கேட்டுக்குள் வந்தார். இரண்டு வருஷத்தில் அவர் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். குடையாலேயே காட்டிக் காட்டிச் சொன்னார், கன்னடத்தில். "இந்த ஒயின் கலர், இதழ் கட்டி. எந்த மழைக்கும் கருகாது. ஆனா காம்பு வீக், தலை தொங்கும். இந்த மஞ்சள் வெயில் ஏறினா வெளுத்துடும், ஆறரைக்குள்ள பார்க்கணும். இதோ இந்த வெளிர் சிவப்புதான் வாசனை, ஒண்ணு வெச்சா பூஜையறை பூரா இருக்கும். அந்தக் கனகாம்பரம் முன்னால் குழாயடியில் நின்னுது, வளரல. இந்தம்மா அதை வெயிலுக்கு மாத்தினாங்க, மூணே மாசத்தில் பிடிச்சிடுச்சு. போன வருஷம் ஜெர்பெரா இன்னும் நெருக்கம். பாதியைப் பிரிச்சு நட்டதும்தான் பூ பெரிசாச்சு. அது மட்டும் காட்டுச் செடி. அதை அவங்க வீட்டுக்காரர் வளர்த்தார்."

கடைசியில் கவரிலிருந்து ஆரஞ்சு ரோஜாவை எடுத்து, ஒடித்த காம்பின் மேலேயே பொருத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்கேதான் இருந்தது. இப்படி."

நடுவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நீங்க யாரு? தோட்டக்கலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"நானா? நான் பூ பறிக்கிறவன்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நான் அழுதேன். பூ போனதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கனகாம்பரத்தை நான் இடம் மாற்றியது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. மூன்று வருஷம் நான் மண்ணோடு கிடந்ததை, எந்தச் செடியை எங்கே வைத்தேன், எதைப் பிரித்தேன், எது எப்போது பிழைத்தது என்று ஒருவர் தினமும் நின்று பார்த்திருக்கிறார். அந்த ஒருவரை நான் மீன் தண்ணீர் தெளித்து விரட்டியிருக்கிறேன்.

மாடியிலிருந்து ஓனரம்மா எட்டிப் பார்த்தார். குடை சார் கையிலிருந்த பத்தொன்பதாவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதுவும் தேவருக்குத்தானே போகுது" என்றார். "பிடு."

விடு என்கிறார். காலி பண்ணும் பேச்சு அதோடு போயிற்று. அந்த வீட்டில் நாங்கள் இன்னும் பல வருஷம் இருந்தோம்.

செடியில் பூ இல்லாததால் மதிப்பெண் போட முடியாது என்று நடுவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கப் மறுபடியும் தெருக்கோடி வீட்டுக்கே போனது. வருத்தம்தான். வருத்தமில்லை என்று சொன்னால் அது என் மூன்றாவது பொய்யாகிவிடும்.

சனிக்கிழமை விடிந்ததும் கைப்பிடி எழும்பியது. பூ ஒன்றும் இல்லை, இரண்டு மொட்டு மட்டும் நாளைக்கு விரிகிற மாதிரி இருந்தன. நான் கேட்டைத் திறந்தேன்.

"சார், உள்ள வாங்க. இனிமே ஒடிக்காதீங்க, கொம்பு கிழியுது. இந்தாங்க கத்தரி. அஞ்சு இலை இருக்கற கணுவுக்கு மேல, வெளிப்பக்கக் கண்ணு பாத்து, சாய்வா வெட்டணும். ஒரு செடில ஒண்ணுதான். மிச்சம் எனக்கு."

அவர் குடையைச் சுவரில் மாட்டினார். கத்தரியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொட்டின் பக்கம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மீன் நிஜமாவே இல்லதானே?"